வண்டி மேல் எழுதியிருக்கும் டன்னை நம்பாதீர்கள்: லாரி டெலஸ்கோபிக் கிரேனைத் தேர்ந்தெடுப்பதும் ஓட்டுவதும் பராமரிப்பதும்

கிரேனின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 25 என்று போட்டிருக்கும். "நம்ம மெஷின் நாலரை டன்தானே, இது தாராளமா தூக்கிடும்" என்று அதைப் பார்த்தே வண்டியை வரவழைப்பவர்கள் நிறைய. ஆபரேட்டர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார். வாக்குவாதம் தொடங்கும். பாதி நாள் போய்விடும்.

அந்த 25 டன் பொய் இல்லை. ஆனால் அது பூமை (நீண்டு சுருங்கும் கை) முழுதாக உள்ளிழுத்து, கால்களை (வண்டியின் பக்கவாட்டில் நீண்டு தரையில் ஊன்றும் தாங்கிகள்) முழுதாக விரித்து, சுழலும் மையத்திலிருந்து 3 மீட்டர் தூரத்தில் தொங்கும் எடைக்கான கணக்கு. 3 மீட்டர் என்றால் பொருள் ஏறக்குறைய வண்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு வேலை நடைமுறையில் வருவதே இல்லை. லீப்ஹெர் நிறுவனத்தின் எல்டிஎம் 11200-9.1 என்ற ராட்சத வண்டிக்கு 100 மீட்டர் பூம், 1200 டன் திறன். அந்த 1200 டன்னும் 2.5 மீட்டர் தூரத்தில்தான்.

ஆகவே முதலில் பழகவேண்டிய சொல் டன் இல்லை, ரேடியஸ். கிரேனின் மேல்பாகம் எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுற்றுகிறதோ அங்கிருந்து ஹூக்குக்கு நேர் கீழே உள்ள இடம் வரை, தரையோடு அளக்கும் தூரம் அது. 25 டன் வகை வண்டிகளில் 6 மீட்டர் ரேடியஸில் திறன் 12 டன்னை ஒட்டி இறங்கிவிடும். 10 மீட்டரில் 6 டன், 20 மீட்டரில் ஒன்றரை டன் என்று வரும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், போக்கு இதுதான்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. 3 மீட்டரில் 25 டன் என்றால் பெருக்கினால் 75. 10 மீட்டரில் 6 டன் என்றால் 60. 20 மீட்டரில் ஒன்றரை டன் என்றால் வெறும் 30. நெம்புகோல் கணக்குப்படி பெருக்கல் தொகை ஒன்றாகவே இருக்கவேண்டாமா? இருக்காது. நீட்டிய பூமுக்கே எடை இருக்கிறது. வெளியே போகப் போக வண்டி தன் கையைத் தூக்கிப் பிடிக்கவே பாதி சக்தியைச் செலவழிக்கிறது.

சார்ட்டைப் படிப்பது

ஒவ்வொரு கிரேனுக்கும் கேபினில் ஒரு லோட் சார்ட் இருக்கவேண்டும். அதே மாடலில் வேறு வண்டியின் சார்ட் உதவாது, வண்டி எண்ணோடு பொருந்தவேண்டும். இடப்பக்கம் ரேடியஸ், மேலே பூம் நீளம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் திறன். கட்டம் காலியாக இருந்தால் அந்த நிலையில் தூக்கவே கூடாது என்று பொருள். உங்கள் ரேடியஸ் இரண்டு வரிகளுக்கு நடுவே விழுந்தால் பெரிய ரேடியஸின் எண்ணை எடுங்கள். நடுவில் சராசரி போடக்கூடாது.

பல சார்ட்டுகளில் குறுக்கே ஒரு தடித்த கோடு ஓடும், அல்லது சில கட்டங்கள் நிறம் மாறியிருக்கும். இதை விளக்கிச் சொல்லாமலே எத்தனையோ பேரை ஆபரேட்டர் சீட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். கோட்டுக்கு ஒரு பக்கம் உள்ள எண்கள் வண்டி கவிழாமல் இருப்பதற்கானவை. மறுபக்கம் உள்ளவை பூமும் சிலிண்டரும் உடையாமல் இருப்பதற்கானவை. முதல் வகையில் எடை கூடினால் பின்னால் ஒரு கால் லேசாகிறது என்று ஓரளவு அறிகுறி தெரியும். இரண்டாவது வகையில் எந்த அறிகுறியும் இல்லை. கால் அசையாது, வண்டி ஆடாது, இரும்பு நேராக மடங்கும். "கால் தூக்குதான்னு பாத்துக்கிட்டே தூக்கலாம்" என்கிற பழைய ஆபரேட்டர்களின் பழக்கம் இந்தக் கட்டங்களில்தான் ஆளைக் கொல்கிறது.

கவிழும் பக்கத்து எண்களிலும் முழு உண்மை எழுதப்படுவதில்லை, வேண்டுமென்றே குறைத்துத்தான் எழுதுகிறார்கள். அமெரிக்க முறைப்படி, கால்களை முழுதாக விரித்து நிற்கும் வண்டிக்குச் சார்ட்டில் உள்ளது கவிழும் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாது. டயரில் நின்று தூக்கினால் 75. அந்த மிச்சம் காற்றுக்கும் ஆட்டத்துக்கும் ஒதுக்கியது. அதைச் சொந்தச் சேமிப்பாக நினைத்து எடுத்துச் செலவழிக்கக்கூடாது.

சார்ட்டில் உள்ளது மொத்த எடை. ஹூக் பிளாக் (கப்பியோடு சேர்ந்த கொக்கி), ஸ்லிங் (பொருளைக் கட்டும் பெல்ட் அல்லது வடம்), ஷேக்கிள் (இணைப்பு வளையம்), ஸ்பிரெடர் (ஸ்லிங்குகளை அகற்றிப் பிடிக்கும் கட்டை) எல்லாம் அதற்குள் அடங்கும். பூமின் பக்கத்தில் ஜிப்பை (பூம் நுனியில் மாட்டும் கூடுதல் கை) மடக்கி மாட்டியிருந்தால் அதற்கும் கழிவு உண்டு, எவ்வளவு என்று சார்ட்டின் அடிக்குறிப்பில் இருக்கும். அடிக்குறிப்பைப் படிக்காதவர் சார்ட்டைப் படிக்காதவர்தான்.

ஒரு வேலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாலரை டன் இயந்திரம். 12 மீட்டர் உயர மொட்டைமாடியில், கைப்பிடிச் சுவரின் ஓரத்திலிருந்து 4 மீட்டர் உள்ளே வைக்கவேண்டும். கால்களை விரிக்க இடம் விட்டால் கிரேனின் மையம் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கும். ரேடியஸ் 9 மீட்டர்.

உயரம்: மாடி 12, இயந்திரம் 2, ஸ்லிங் 2, ஹூக் பிளாக்கும் மேலே இடைவெளியும் 2. பூமின் நுனி 18 மீட்டரில் இருக்கவேண்டும். பூமின் அடி தரையிலிருந்து 2 மீட்டர் மேலே, மையத்துக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே 10.5, மேலே 16. பூம் நீளம் 19 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சரி, 20 மீட்டர் போதும் என்று பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள்.

சுவர் இருக்கும் இடத்தில் பூம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பூமின் அடியிலிருந்து சுவர் 6.5 மீட்டர். அதே சாய்வில் அந்த இடத்தில் பூமின் நடுக்கோடு தரையிலிருந்து 11.9 மீட்டரில் வரும். மாடியோ 12 மீட்டர். நுனி போய்ச் சேரும், வயிறு சுவரில் இடிக்கும்! சுவருக்கு மேலே ஒன்றரை மீட்டர் விட்டுப் போகவேண்டுமானால் பூமை இன்னும் நிமிர்த்தவேண்டும். அப்போது நீளம் 21.3 மீட்டர் கேட்கும், அதாவது 22 மீட்டர் பூம்.

இப்போது எடை. 4.5 டன் இயந்திரம், கால் டன் ஹூக் பிளாக், 150 கிலோ ஸ்லிங்கும் ஷேக்கிளும். மொத்தம் 4.9. ஒரு 25 டன் வண்டியின் சார்ட்டில் 22 மீட்டர் பூம், 9 மீட்டர் ரேடியஸ் கட்டத்தில் 6 டன் இருந்தால் நீங்கள் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டீர்கள். எடையை ஏற்றியதும் பூம் வளையும், ரேடியஸ் அரை மீட்டர் வரை கூடும். அதற்கும் இடம் வேண்டும். நான் இந்த வேலைக்கு 40 டன் வண்டியைத்தான் கேட்பேன். நாலரை டன் பொருளுக்கு 40 டன் வண்டியா என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் வரைந்து காட்டினால் போதும்.

இயந்திரத்தின் எடையை எங்கிருந்து எடுப்பது? பெயர்த்தகடு, தயாரிப்பாளர் வரைபடம், எடைமேடைச் சீட்டு. "ரெண்டு டன் இருக்கும் சார்" என்ற வாய்வார்த்தை எடை ஆகாது. உள்ளே எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் அதையும் சேருங்கள்.

எந்த வகை வண்டி?

லாரி மேல் ஏற்றிய கிரேனின் பலம், சாலையில் வேகமாக ஓடி அடுத்த இடத்துக்குப் போய்விடும் என்பது. சேற்றிலும் மேடுபள்ளத்திலும் அது திணறும். அங்கே ரஃப் டெரெய்ன் வகைதான் சரி. எல்லாச் சக்கரமும் திரும்பும் ஆல் டெரெய்ன் இரண்டையும் செய்யும், ஆனால் வாங்கவும் பராமரிக்கவும் செலவு அதிகம். பொருளைத் தூக்கிக்கொண்டே நகரவேண்டும் என்றால் அது பிக் அண்ட் கேரி வண்டியின் வேலை. லாரி கிரேனை அதற்கு இழுக்காதீர்கள்.

பூம் நீளும் விதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டரும் உள்ளே ஓடும் கம்பி வடமும் சேர்ந்து எல்லாப் பகுதியையும் சம அளவில் நீட்டுவது ஒரு வகை. நடுவழியில் எந்த நீளத்திலும் நிறுத்தலாம், அன்றாட வேலைக்கு வசதி. ஒரே சிலிண்டர் ஒவ்வொரு பகுதியாகத் தள்ளி, பூட்டு ஊசி (பின்) போட்டுப் பூட்டுவது இன்னொரு வகை. பூம் எடை குறைவு, தூரத்தில் திறன் கூடுதல். ஆனால் குறிப்பிட்ட நீளங்களில்தான் பூட்டும், நீட்டி முடிக்க நேரம் பிடிக்கும். பெரிய வண்டிகளில் இதுதான்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கவேண்டாம், எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம். பூமை முழுதாக நீட்டிப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடி அடியிலிருந்து நுனி வரை நேர்க்கோடு பாருங்கள். பக்கவாட்டில் வளைவு தெரிந்தால் அந்த வண்டி ஒருமுறை இழுபட்டிருக்கிறது. பூமின் கீழ்த் தகட்டில் விரலால் தடவிப் பாருங்கள். புதுப் பெயிண்டுக்கு அடியில் மேடாக ஏதாவது தட்டுப்பட்டால் அது வெல்டிங். பூமுக்குப் பயன்படுத்துவது உயர்வலிமை எஃகு, தெருவோரப் பட்டறையில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தின் வலிமை போய்விடும். சிலிண்டர் தண்டுகளின் குரோம் பூச்சில் நீளவாக்கில் கீறல் இருந்தால் சீல் நிற்காது. எல்.எம்.ஐ. எனப்படும் பளுக்காட்டி வேலை செய்கிறதா, அதை முடக்கி வைக்கும் பைபாஸ் சாவி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சாவி நிரந்தரமாக அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் அந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்று யாரும் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

காலுக்குக் கீழே

எல்லோரும் மேலே ஹூக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கெடுவது கீழே.

25 டன் வண்டியின் சொந்த எடை 30 டன் என்று வைப்போம். தூக்குவது 5 டன். மொத்தம் 35. பூம் ஒரு காலுக்கு நேர் மேலே திரும்பும்போது முக்கால் பங்கு எடை அந்த ஒரே காலில் இறங்கக்கூடும். அதாவது 26 டன். காலடித் தட்டின் விட்டம் 40 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 0.126 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 200 டன்னுக்கு மேல் அழுத்தம்! நன்றாக இறுகிய கிராவல் தரை கூட இதைத் தாங்காது.

1.2 மீட்டர் சதுரப் பலகையைக் கீழே போட்டால் அழுத்தம் 18 டன்னாகிவிடும். இறுகிய தரைக்குப் போதும். ஈரக் களிமண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கினாலே பெரிது. அங்கே 1.7 மீட்டர் சதுரம் வேண்டும். பலகை மெலிதாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். நடுவில் மட்டும் அழுந்தி ஓரங்கள் மேலே சுருண்டுகொள்ளும், பரப்பு காகிதத்தில்தான் இருக்கும். தடித்த கட்டைகளை நெருக்கமாக, இடைவெளி இல்லாமல் அடுக்கி, காலடித் தட்டை மிகச் சரியாக நடுவில் வைக்கவேண்டும். உடைந்த செங்கல், பாதிப் பலகை, பக்கத்தில் கிடந்த ஹாலோ பிளாக் எதையும் கீழே வைக்கக்கூடாது.

தரைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு விசாரியுங்கள். மூடிய சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, சமீபத்தில் தோண்டி மூடிய குழாய்ப் பள்ளம் இவைதான் வழக்கமான எமன்கள். கான்கிரீட் தளம் என்று நம்பி ஒருமுறை நான் காலை இறக்கினேன். எடை ஏற்றும் முன்பே தளத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. நிறுத்திவிட்டுத் தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றுச் சத்தம், அடியில் மண் கரைந்து போயிருந்தது. அன்றிலிருந்து சம்மட்டியால் தட்டாமல் எந்தத் தளத்திலும் காலை இறக்குவதில்லை. திறந்த பள்ளம் பக்கத்தில் இருந்தால் அதன் ஆழம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது தள்ளி நில்லுங்கள். மண் தளர்வாக இருந்தால் இரண்டு மடங்கு.

கால்களை முழுதாக விரியுங்கள். பாதி விரிப்புக்குத் தனிச் சார்ட் தயாரிப்பாளர் கொடுத்திருந்தால் மட்டுமே பாதி. ஒரு பக்கம் இடம் இல்லை, மறுபக்கம்தானே தூக்கப்போகிறோம் என்று மூன்று காலை விரித்து ஒன்றை மடக்கி வைப்பது, சுழலும்போது மறந்துபோய்க் கவிழ்வதற்கு நல்ல வழி. டயர்கள் தரையை விட்டு எழும்பவேண்டும். பிறகு மட்டம். பெரும்பாலான சார்ட்டுகள் 1 சதவீதத்துக்குள் மட்டம் என்று எதிர்பார்க்கின்றன, ஒரு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர். கேபினில் உள்ள குமிழி மட்டத்தைப் பாருங்கள், அது சரிதானா என்பதை அவ்வப்போது சுழல்மேடை மேல் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் 25 மீட்டர் உயரத்தில் நுனி 44 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். பூம் மேலும் கீழும் வளைய வடிவமைக்கப்பட்டது, பக்கவாட்டு இழுவைக்கு அல்ல.

லாரி கேபினுக்கு முன்பக்கம் தூக்குவதை நிறைய மாடல்கள் அனுமதிப்பதில்லை. முன்னால் ஐந்தாவது ஜாக் இருந்தால், அதை இறக்கினால் மட்டும் முடியும்.

தூக்கும் முன்

எல்.எம்.ஐ. ஒரு கணிப்பொறி. பூம் சிலிண்டரின் அழுத்தம், பூம் நீளம், கோணம் இவற்றை அது தானே அளக்கும். வடம் எத்தனை மடிப்பு (பூம் தலைக்கும் ஹூக்குக்கும் நடுவே எத்தனை இழை), கால்கள் எந்த நிலை, ஜிப் மாட்டியிருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால் அது தப்பான சார்ட்டைப் பார்த்துக்கொண்டு "எல்லாம் நலம்" என்று பச்சை விளக்கு காட்டும். காலையில் எடை தெரிந்த ஏதாவது ஒன்றைத் தெரிந்த ரேடியஸில் தூக்கி, அது காட்டும் எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ரேடியஸை டேப் வைத்து அளந்து ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது ஹூக் மேலே முட்டாமல் நிறுத்தும் சுவிட்ச். பூம் தலையிலிருந்து ஒரு சங்கிலியில் சின்ன எடை தொங்கும், அதை ஹூக் பிளாக் தூக்கினால் சுவிட்ச் வேலை செய்து வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை) நிற்கவேண்டும். வடத்தை அவிழ்க்காமல் பூமை மட்டும் நீட்டினால் ஹூக் தானாக மேலே ஏறும். புது ஆபரேட்டர்கள் செய்யும் முதல் தவறு இதுதான், நீட்டுவதில் கவனம் இருக்கும், ஹூக்கில் இருக்காது. முட்டினால் வடம் அறுந்து ஹூக் பிளாக்கோடு எல்லாம் கீழே வரும்.

வடத்தின் மடிப்பு எண்ணிக்கையை எடைக்கு ஏற்ப வையுங்கள். ஒரு இழை 3 டன் இழுக்கும் என்றால் 4.9 டன்னுக்கு இரண்டு இழை கணக்குப்படி போதும். கப்பிகளில் உராய்வு இருப்பதால் நான் மூன்றாவது ஒன்றைப் போட்டுவிடுவேன். ஹூக் தரையில் தொடும்போதும் டிரம்மில் குறைந்தது மூன்று சுற்று மிஞ்சவேண்டும்.

ஸ்லிங் கோணத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். 2 டன் பொருளை இரண்டு கால் ஸ்லிங்கில், கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் கட்டினால் ஒவ்வொரு காலிலும் 1.15 டன். 45 டிகிரியில் 1.4. 30 டிகிரியில் ஒவ்வொரு காலிலும் முழு 2 டன்! ஸ்லிங்கின் நீளத்தைக் கூட்டினால் தீரும் பிரச்சினை இது. கூர்மையான விளிம்பில் பெல்ட் படுகிற இடத்தில் காப்பு வையுங்கள், பழைய டயர்த்துண்டு கூடச் சரிதான்.

தூக்கும்போது

ஹூக்கைப் பொருளின் ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். சாய்வாக இருந்தால் பொருள் தரையை விட்டதும் ஊசலாடும். மெதுவாக இழுத்து 10, 15 சென்டிமீட்டர் தூக்கி நிறுத்துங்கள். இந்த அரை நிமிடத்தில் வின்ச் பிரேக் பிடிக்கிறதா, நாலு காலும் அப்படியே இருக்கிறதா, பலகை அழுந்துகிறதா, எல்.எம்.ஐ. என்ன எண் காட்டுகிறது என்று பார்த்துவிடலாம். காட்டும் எண் நீங்கள் போட்ட கணக்கை விட அதிகமாக இருந்தால் இறக்கிவிட்டுக் காரணம் தேடுங்கள். தரையில் போல்ட் ஒன்று இன்னும் கழற்றாமல் இருக்கலாம்.

சிக்னல் ஒருவர் மட்டுமே கொடுக்கவேண்டும். நிறுத்து என்ற சைகையை மட்டும் யார் கொடுத்தாலும் நிறுத்துங்கள், அப்புறம் விசாரிக்கலாம். சுழற்றுவதை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியுங்கள், வேகமாகச் சுற்றினால் பொருள் வெளியே வீசி ரேடியஸ் கூடும். பொருளை இழுத்து வருவது, தரையில் உரசி நகர்த்துவது, பூமால் தள்ளுவது எதற்கும் இந்த வண்டி அல்ல. பளுவோடு பூமை நீட்டுவதற்கு அநேக வண்டிகளில் தனி வரம்பு உண்டு, அது மிகக் குறைவு.

அலாரம் அடித்தால் என்ன செய்வது என்பதை அமைதியாக இருக்கும்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பதற்றத்தில் கை பூமை இறக்கப் போகும், இறக்குவதுதானே பத்திரம் என்று தோன்றும். பூமை இறக்கினால் ரேடியஸ் கூடும், நிலைமை மோசமாகும். கீழே ஆள் இல்லாமல் இடமும் இருந்தால், வின்ச் வடத்தை மெதுவாக விட்டுப் பொருளைத் தரையில் இறக்குவதே சரி.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. 10 சதுர மீட்டர் தகடு ஒன்றைத் தூக்குகிறீர்கள், காற்று நொடிக்கு 10 மீட்டர். தகட்டின் மேல் சுமார் 75 கிலோ பக்கவாட்டு விசை விழும். காற்று இரு மடங்கானால் விசை நாலு மடங்கு, 300 கிலோ. இந்த விசை பூமைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அகலமான, எடை குறைந்த பொருளுக்கு உங்கள் மாடலின் காற்று வரம்பை விடக் குறைவாகவே நிறுத்திவிடுங்கள். காற்றுமானி பூம் நுனியில் இருக்கவேண்டும், கீழே நிற்பவரின் சட்டை அசைவதை வைத்து மேலே உள்ள காற்றைச் சொல்லமுடியாது.

மின்கம்பி என்றால் பேச்சே இல்லை, அணைத்துத் தரையோடு இணைத்த பிறகுதான் பக்கத்தில் போகவேண்டும். முடியாவிட்டால் தூரம். அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதி 50 கிலோவோல்ட் வரை 10 அடி, அதாவது 3 மீட்டர், 200 கிலோவோல்ட் வரை 15 அடி, 350 வரை 20 அடி என்கிறது. உங்கள் நாட்டு விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். ஆபரேட்டர் கண்ணுக்குக் கம்பியின் தூரம் தெரியாது, அதை மட்டும் பார்க்க ஒரு ஆளை நிறுத்துங்கள். பட்டுவிட்டால் ஆபரேட்டர் கேபினிலேயே இருக்கவேண்டும். தீப்பிடித்தால் மட்டும் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் தேய்த்தபடி விலகவேண்டும்.

வேலை முடிந்து கிளம்பும்போது பூமை உள்ளிழுத்து, ஹூக்கைக் கட்டி, கால்களின் பூட்டுப் பின்னைப் போட்டு, பி.டி.ஓ.வை (எஞ்சின் சக்தியை ஹைட்ராலிக் பம்புக்குக் கொடுக்கும் இணைப்பு) விடுவித்தாயிற்றா என்று ஒருமுறை வண்டியைச் சுற்றி வாருங்கள். பி.டி.ஓ. போட்டபடியே சாலையில் ஓட்டிப் பம்பைக் கருக்கியவர்கள் உண்டு.

பராமரிப்பு

எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் லாரிக்கு உள்ள வழக்கப்படிதான், கையேட்டைப் பாருங்கள். கிரேன் பகுதியில் நேரம் செலவழிக்கவேண்டிய இடங்கள் வேறு.

முதலில் கம்பி வடம். அளக்கும்போது வெர்னியரை முறுக்குகளின் மேடுகளின் மேல் வைத்து அளக்கவேண்டும், இரண்டு மேடுகளுக்கு நடுவே தட்டையாக வைத்தால் குறைத்துக் காட்டும். பெயரளவு விட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கழற்றுங்கள், 16 மில்லிமீட்டர் வடம் 15.2க்குக் கீழே போகக்கூடாது. சாதாரண வடத்தில் ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி வடத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவரும் நீளம்) ஆறு கம்பிகள் பரவலாக அறுந்திருந்தாலோ, அதற்குள் ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. பளுவில் தானாகச் சுழலாதபடி முறுக்கிய சுழலா வடத்துக்கு வரம்பு இன்னும் கடுமை, விட்டத்தைப் போல ஆறு மடங்கு நீளத்தில் இரண்டு, முப்பது மடங்கு நீளத்தில் நாலு. பறவைக்கூடு போல உப்பியது, மடங்கிய முடிச்சு, கருகிய நிறம் என்றால் எண்ணவே வேண்டாம்.

வடத்தின் முனையில் உள்ள ஆப்புச் சாக்கெட்டை நிறையப் பேர் தலைகீழாக மாட்டுகிறார்கள். பளு இழுக்கும் பக்கம், சாக்கெட்டைப் பிடித்திருக்கும் பின்னோடு (ஊசி) நேர்க்கோட்டில் வரவேண்டும். சும்மா இருக்கும் வால் பக்கம்தான் சரிந்து போகவேண்டும். மாற்றி மாட்டினால் இழுவையில் வடம் ஒரு இடத்தில் மடங்கி மடங்கி அங்கேயே அறும். கிளாம்ப் போட்டால் வாலில் மட்டும் போடுங்கள். பளுப் பக்கத்தோடு சேர்த்து இறுக்கினால் ஆப்பு வேலையே செய்யாது. வால் சாதாரண வடத்துக்கு விட்டத்தின் ஆறு மடங்கு, சுழலா வடத்துக்கு இருபது மடங்காவது மிஞ்சட்டும்.

ஹூக்கில் தேய்மானம் 10 சதவீதத்தைத் தாண்டினாலோ, வாய் 5 சதவீதம் விரிந்தாலோ, முறுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலோ மாற்றுங்கள். சூடாக்கி வளைத்துச் சரிசெய்யும் வேலை கூடாது.

பூம் நீளும்போது "டக் டக்" என்று குலுங்கிக் குலுங்கி வருகிறதா? பகுதிகளுக்கு நடுவே உள்ள நைலான் தேய்ப்புத் தகடுகள் காய்ந்திருக்கின்றன, அல்லது தேய்ந்திருக்கின்றன. பூமை முழுதாக நீட்டிப் பழைய கிரீஸை மணலோடு சேர்த்து வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். பழைய கிரீஸ் மேலேயே புதியதைத் தடவுவது உப்புத்தாளைத் தடவுவது மாதிரி. அதற்குப் பிறகும் பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் தகடுகளுக்குப் பின்னால் சிம் (மெல்லிய தகடு) வைத்து இடைவெளியைச் சரிசெய்யவேண்டும்.

ஹைட்ராலிக்கில் அடிக்கடி ஒரு வீண் சண்டை வரும். மதியம் நீட்டி நிறுத்திய பூம் மாலையில் கொஞ்சம் உள்ளே வந்திருக்கும். சீல் போச்சு, வால்வு போச்சு என்று சிலிண்டரைப் பிரித்துவிடுவார்கள். எண்ணெய் குளிர்ந்தால் சுருங்கும், ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.07 சதவீதம். 10 மீட்டர் நீண்ட சிலிண்டரில் எண்ணெய் 20 டிகிரி குளிர்ந்தால் 14 சென்டிமீட்டர் தானாக உள்ளே வரும். பூம் தூக்கும் சிலிண்டர் சில சென்டிமீட்டர் இறங்கினாலே நுனியில் பெரிதாகத் தெரியும். எண்ணெய் ஆறிய பிறகு சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். அப்போதும் நகர்ந்தால்தான் கசிவு. காலின் ஜாக்குகளுக்கும் இதே சாக்கட்டிச் சோதனை. ஆனால் பளு தொங்கும்போது ஜாக் சுருங்குவது எந்தக் காரணத்தால் என்றாலும் ஆபத்துதான், நீண்ட நேர வேலையில் மட்டத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் உறிஞ்சும் குழாயில் காற்று புகுகிறது. ஹோஸ் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள், ஊசித்துளையில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டை ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்.

கடைசியாக, வண்டியின் மேல்பாகத்தைக் கீழ்ப்பாகத்தோடு பிடித்திருப்பது சுழல்வளையத்தின் போல்ட்டுகள்தான். பூமோடு மேலே உள்ள எல்லாமே அவற்றில் தொங்குகிறது. கிரீஸ் அடிக்கும்போது வண்டியைச் சுற்றிக்கொண்டே அடியுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் பந்துகளில் பாதிக்குத்தான் போய்ச் சேரும். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதியுங்கள், முக்கியமாகப் புது வண்டியின் முதல் சில நூறு மணி நேரத்தில். ஒன்று தளர்ந்திருந்தால் அதை இறுக்கிவிட்டுப் போய்விடக்கூடாது. தளர்ந்த போல்ட் ஏற்கெனவே நெளிந்து களைத்திருக்கும், அதன் பங்கை இருபக்கத்துப் போல்ட்டுகளும் சுமந்திருக்கும். மூன்றையும் கழற்றிப் புதிது போடுங்கள். பழையதைத் திரும்ப மாட்டாதீர்கள். எந்தத் தேதியில், வண்டி எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது, எந்தப் போல்ட் என்று வண்டியின் பதிவேட்டில் எழுதுங்கள், அதே பக்கத்தில் மறுபடி தளர்ந்தால் வளையத்தையே பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கும்.